விளையாட்டு விமானமும் வானலையின் எல்லையும்

கலேவெலவிலே பெரும்போக அறுவடை முடிந்து, வயல்கள் வெறுமையாய்க் கிடந்த மாசி மாதத்து மாலையொன்றில், நம் சங்கத்து வாலிபர் சிலர் தம் கையாலே செய்த சிறு விமானமொன்றைப் பறக்கவிட்டனர். ரெஜிபோம் அட்டையும் மூங்கிற் சிம்பும் கொண்டு செய்த உடல்; மூன்றரை அடிச் சிறகு; மூக்கிலே சிறு மின்மோட்டர்; வயிற்றிலே பற்றரியும், வானலையை ஏற்கும் கருவியும். தரையிலே நின்றவர் கையில் வானலையை அனுப்பும் பெட்டி. முதலிரு சுற்றும் அழகாகவே நடந்தன. மூன்றாஞ் சுற்றிலே விமானம் தாழப் பறந்து தென்னை வரிசைக்கு அப்பாற் சென்றது. சென்றது திரும்பவில்லை. பெட்டியின் பிடியை எப்பக்கம் தள்ளியும் பயனில்லை. மோட்டரின் இரைச்சல் மாத்திரம் குறையாமற் கேட்டுக்கொண்டே இருந்தது.

தென்னைகளுக்கு அப்பால் ஒரு வயல். அதற்கும் அப்பால் குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பெருந்தெரு. அந்த வயலின் வரப்பிலே ஒரு தாய் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளை அருகிலிருந்து விளையாடிக்கொண்டிருந்தது. பிள்ளை இருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி, முழு வேகத்திலே, மூக்குக் குப்புற விமானம் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அந்தத் தாய் நம்மை ஏசிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. ஏசியது நியாயமே.

அன்று அங்கு வந்து சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மை ஏசவில்லை, கேள்வியொன்று கேட்டார். கொழும்புக்கு அண்மையிலுள்ள ஏக்கலையிலிருந்து புறப்பட்ட வானொலிப் பாட்டைத் தாம் இதே வரப்பிலிருந்து கேட்டதுண்டு. கடலுக்கப்பால் மதுரையிலும் திருச்சியிலும் அதே பாட்டை அதே நேரத்தில் கேட்டார்கள். அப்படியிருக்க உங்கள் அலைக்கு ஒரு தென்னை வரிசையைத் தாண்ட முடியவில்லையே, அது ஏன் தம்பி, என்றார். நம்மிடம் விடையில்லை. விடை தேடப் புகுந்தவிடத்து ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரமே விரிந்தது. அதனையே இம்மலரில் எழுதுகின்றோம்.

பெரியவர் சொன்ன வானொலியிலிருந்தே தொடங்குவோம். இலங்கைக்கு வானொலி வந்தது 1920களில். கொழும்புத் தந்தி இலாகாவின் தலைமைப் பொறியியலாளராய் 1921இல் வந்த எட்வேட் ஹாப்பர் என்பார், முதல் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அனுப்பும் கருவியொன்றை அமைத்து, இசைத்தட்டுப் பாட்டை வானில் விட்டார். 1925 டிசம்பர் 16ஆந் தேதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. இலண்டன் பி.பி.சி. தொடங்கி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைக்கும்போது, சிறிய தீவாயினும் நாம் பிந்தியவர்களல்லர் என்று சற்றே பெருமைப்படலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே நேச நாட்டுப் படைகளுக்கென்று கொழும்பிலே ஒரு வானொலி நிலையம் இயங்கியது. அதற்காக ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை யந்திரம் 1949இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. தமிழ்நாட்டு வீடுகளிலே மயில்வாகனம் அவர்களின் குரலைக் கேளாத நாளில்லை என்ற நிலைமை அதனாலே உண்டாயிற்று.

இனி நம்முடைய பெட்டியைப் பார்ப்போம். விளையாட்டு விமானங்களுக்குப் பல நாடுகளில் அனுமதிக்கப்படும் சக்தி ஒரு வாட்டிலே பத்திலொரு பங்கு. ஏக்கலையின் சக்தி இதைப்போலப் பத்து இலட்சம் மடங்கு. இது முதல் வேற்றுமை. ஆனால் பெரிய வேற்றுமை இதுவன்று. ஏக்கலையின் அலைகள் இருபது, முப்பது, நாற்பது மீற்றர் நீளமுடையவை. அவ்வலைகள் மேலெழுந்து, வானத்தின் உயர்ந்த பகுதியிலே ஞாயிற்றின் கதிர்களால் மின்னேறிக் கிடக்கும் காற்றுப் படையிலே பட்டு, வளைந்து மீண்டும் பூமிக்கு வருகின்றன. ஆகவே அவை தென்னையையும் மலையையும் கடலையும் தலைக்கு மேலாகத் தாண்டிப் போகின்றன. நம் பெட்டியின் அலை பன்னிரண்டரை சென்ரிமீற்றர். ஒரு சாணுக்கும் குறைவு. இத்தனை குறுகிய அலை அந்தக் காற்றுப் படையிலே திரும்பாது. அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடும். தரையிலோ அது ஏறக்குறைய ஒளியைப்போலவே நடந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு நேரே போகும். பச்சை இலையிலே பட்டால் இலையிலுள்ள நீர் அதனை உறிஞ்சிக்கொள்ளும். பாறைக்குப் பின்னே நிழல் விழுவதுபோல் அலைக்கும் நிழல் விழும். சீகிரியாக் குன்றின் உச்சி சூழவுள்ள நிலத்துக்கு மேல் ஏறக்குறைய 200 மீற்றர். அங்கு நிற்பவருக்குத் தடையற்ற வெளியிலே அடிவானம் ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும். கலேவெல வயலிலே நிற்பவருக்கோ அடிவானம் தென்னந்தோப்புடனே முடிந்துவிடும். பெரியவரின் கேள்விக்கு நேர்விடை இதுவே.

இந்தக் குறுகிய அலைகளை முதன்முதல் வேலைவாங்கியவர்களில் ஒருவர் நமது பாரத தேசத்தவர் என்பது வாசகர் பலருக்குப் புதுமையாயிருக்கலாம். 1895இல் கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போஸ், சுவருக்கு அப்பாலிருந்த மணியை வானலையாலே ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். அவர் கையாண்டவை மில்லிமீற்றர்க் கணக்கிலே அளக்கும் அலைகள். செய்தி அனுப்புவதையே மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்த காலத்திலே, தொலைவிலுள்ள ஒரு பொருளைச் செயற்படுத்தியதால், நம் விளையாட்டு விமானத்தின் பாட்டனார் போஸே என்று சொன்னால் அது மிகையாகாது என்பது நம் கருத்து.

மூன்றாண்டு கழித்து, 1898இலே, நியூயோர்க் மாநகரின் மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கிலே நிக்கொலா டெஸ்லா ஒரு நீர்த்தொட்டியைக் கட்டி அதிலே சிறு படகொன்றை மிதக்கவிட்டார். கரையிலே நின்றபடியே கம்பியின்றி அதனைத் திருப்பினார். அதன் விளக்குகளை எரித்து அணைத்தார். பார்த்தவர்களிற் சிலர் மனோசக்தி என்றனராம். உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்றவர்களும் உண்டாம். அவ்வாண்டு நவம்பர் 8ஆந் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. படகு நின்றது தொட்டியிலே. ஆகையால் அலை அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. படகு நின்றுவிடும், அவ்வளவுதான். ஆகாயத்திலே செல்லும் பொருள் அப்படி நிற்கமுடியாது. அங்கேதான் சங்கடம் பிறக்கின்றது.

ஆகாயத்துக்கு இக்கலையைக் கொண்டுபோனது, வழக்கம்போல, யுத்தத்தின் தேவைதான். 1935 முதல் பிரித்தானியர் 'குயின் பீ' என்ற ஆளில்லா விமானத்தை, பீரங்கிக்காரர் சுட்டுப் பழகுவதற்கு இலக்காகப் பறக்கவிட்டனர். ஏறக்குறைய 400 செய்யப்பட்டன. தரையிலிருந்தவர் அதற்குக் கட்டளை இட்டது தொலைபேசியிலே எண் சுழற்றுவது போன்ற ஒரு தட்டினாலே. 'ராணித் தேனீ' என்று பொருள்படும் அப்பெயரிலிருந்தே, ஆண் தேனீயைக் குறிக்கும் 'ட்ரோன்' என்ற பெயர் ஆளில்லா விமானங்களுக்கு வந்தது என்பர். கலியாண வீட்டிலே படம்பிடிக்க வரும் அந்தச் சிறு யந்திரத்துக்கு இத்தனை பழைய சரித்திரம்!

விளையாட்டுக்காகவே பறக்கவிட்டவர்களுள் முந்தியவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமாசூ நகரைச் சேர்ந்த இரட்டையரான வோல்ற்றர் குட், வில்லியம் குட் என்போர். 1937இல் அவர்கள் பறக்கவிட்ட 'கஃப்' என்ற விமானம் இன்று வாஷிங்டனிலுள்ள தேசிய வான்வெளி நூதனசாலையிலே இருக்கின்றது. அக்காலத்துக் கருவிகள் மிக எளியவை. பொத்தானை அழுத்தினால் முறுக்கிய இரப்பர் நாடா ஒரு படி அவிழும். சுக்கான் ஒரு பக்கம் திரும்பும். மீண்டும் அழுத்தினால் மறுபக்கம். அவ்வளவே.

இங்கே ஒன்றைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அக்காலத்து மாதிரி விமானங்கள், வானொலி வருவதற்கு முன்பு, தாமாகவே பறக்கும்படி செய்யப்பட்டவை. சிறகு சற்று மேல்நோக்கி மடிந்திருக்கும். சரிந்தால் தானே நிமிரும். எரிபொருள் தீர்ந்தால் தானே மெல்ல இறங்கும். அப்படிப்பட்ட விமானத்திலே வானொலியைப் பொருத்தியபோது, அலை என்பது ஓர் உதவியே தவிர உயிரன்று. அலை அறுந்தாலும் விமானம் பட்டம்போல எங்கேயோ போய் இறங்குமேயன்றித் தலைகுப்புற விழாது. பின்னர் வேகத்துக்கும் வித்தைக்கும் ஆசைப்பட்டு, தன் சமநிலையைத் தானே காக்கமாட்டாத விமானங்களைச் செய்யத் தொடங்கினோம். கையிலிருந்து ஒரு கணம் நழுவினாலும் அவை வீழும். கருவி வளர வளர, அலையறுதலின் கேடும் வளர்ந்தது. இது நம் சொந்த எண்ணமாயினும் நமக்குச் சரியென்றே படுகிறது.

அடுத்து வந்த பல்லாண்டுகளுக்கு விளையாட்டுக்காரர்களின் பெரும் பகை தூரமன்று. பக்கத்திலே நின்ற நண்பனே. 27, 35, 72 மெகாஹேட்ஸ் என்று நாட்டுக்கு நாடு ஒதுக்கப்பட்ட சில மீடிறன்களையே எல்லாரும் பங்கிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பளிங்குத் துண்டு. அந்தத் துண்டு எந்த மீடிறனோ அதிலேதான் அலை புறப்படும். ஒரே துண்டை வைத்திருக்கும் இருவர் ஒரே வேளையிலே பெட்டியைத் திறந்தால், ஆகாயத்திலிருப்பவர் விமானம் அந்தக் கணமே போயிற்று. ஆகவே பறக்கும் திடல்களிலே பலகையொன்றை நட்டு, உடுப்புக் காயவிடும் கிளிப் போன்ற கிளிப்புகளை அதிலே மாட்டிவைப்பர். தன் மீடிறனுக்குரிய கிளிப்பைக் கையில் எடுத்தவனே பெட்டியைத் திறக்கலாம்; எடுக்காதவன் காத்திருக்கவேண்டும். எத்தனையோ சட்டங்களைவிட அந்தக் கிளிப்புக்கு மதிப்பு அதிகம் இருந்தது.

இத்தொல்லைக்கு வழி, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து, எவரும் கவனியாத காலத்திலே பிறந்தது. ஹொலிவூட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தைலும் சேர்ந்து, வானலையால் ஏவப்படும் நீர்மூழ்கிக் குண்டை எதிரி குழப்பாதிருக்க ஒரு முறை கண்டனர். அனுப்பும் கருவியும் ஏற்கும் கருவியும் ஒரே கணத்திலே, ஒரே வரிசையிலே, ஒரு மீடிறனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது அம்முறை. பியானோவின் கட்டைகள் 88. அவர்கள் சொன்ன மீடிறன்களும் 88. 1942 ஆகஸ்ட் 11ஆந் தேதி காப்புரிமை கிடைத்தது. கடற்படை அக்காலத்தில் அதைப் பயன்படுத்தவில்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் பின், 2005ஆம் ஆண்டளவிலே, 2.4 கிகாஹேட்ஸ் என்ற மீடிறனிலே இயங்கும் விளையாட்டுப் பெட்டிகள் கடைக்கு வந்தபோது, அலையைப் பரப்பியும் தாவவிட்டும் அனுப்பும் இவ்வகை முறைகளே அவற்றுக்கு ஆதாரமாயின. பளிங்குத் துண்டும் கிளிப்பும் பழங்கதையாயின. பத்துப் பேர் ஒரே திடலிலே ஒன்றாய்ப் பறக்கவிடலாம்.

ஆனால் ஒரு நன்மைக்கு ஒரு விலை. பழைய 27 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் 11 மீற்றர். இலையையும் கிளையையும் அது பொருட்படுத்தாது. புதிய அலை மேலே சொன்னபடி ஒரு சாணுக்கும் குறைவு. அதற்கு ஈரத் தென்னோலையே ஒரு சுவர்.

இனி நம்முடைய விமானம் ஏன் போயிற்று என்பதை மறைக்காமற் சொல்லவேண்டும். அது விழுந்த இடம் நாம் நின்ற இடத்திலிருந்து நானூறு அடி எடுத்துவைக்கும் தூரமே. பெட்டியோ ஒரு கிலோமீற்றருக்கும் மேலாக எட்டும் என்று விற்கப்பட்டது. பெட்டி பொய் சொல்லவில்லை, பிழை நம்முடையது. அலையின் சக்தி தூரம் இரட்டித்தால் காற்பங்காகும், மும்மடங்கானால் ஒன்பதிலொன்றாகும். ஆகவே தூரம் கூடும்போது சிறு தவறும் பெரிதாய்த் தெரியும். நாம் செய்தது ஒரு தவறன்று.

முதலாவது, பெட்டியைப் பிடித்திருந்த தம்பி, விமானம் விலகப் போகப் பதற்றத்திலே அன்ரெனாவின் நுனியை, துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல, விமானத்துக்கு நேரே நீட்டினார். எல்லாருக்கும் அப்படித்தான் கை போகும். ஆனால் அன்ரெனாவின் நுனித் திசையிலேதான் அலை மிக மெலிவு. அதன் பக்கங்களிலேதான் வலிவு. பாலைப் பீய்ச்சுவதுபோல அலை நுனியாற் பாய்வதில்லை. இரண்டாவது, விமானத்தினுள்ளே ஏற்கும் கம்பியைப் பற்றரியோடு ஒட்டிக் கட்டியிருந்தோம். பற்றரியின் உலோகம் அலைக்குக் குறுக்கே நின்றது. மூன்றாவது தென்னை வரிசை, அதைப்பற்றிச் சொல்லிவிட்டோம். இம்மூன்றும் ஒருங்கே சேர்ந்த கணத்திலே அலை அறுந்தது. இவற்றோடு, பற்றரி தளர்ந்து ஏற்கும் கருவி சற்று மயங்கி விழுவதையும் பலர் அலையறுந்ததாகவே எண்ணிக்கொள்வர். அலைமேலே போடும் பழியிற் பாதி பற்றரிக்கு உரியது என்று பழகியவர்கள் கூறுவர்.

எனினும் அலை அறுந்ததாலே அந்தப் பிள்ளைக்கு ஆபத்து வரவில்லை. அலை அறுந்தபின் மோட்டர் ஓடியதாலேதான் வந்தது. இன்றைய ஏற்கும் கருவிகளிலே, அலை நின்றால் என்ன செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க வசதியுண்டு. மோட்டரை நிறுத்து, சுக்கானைச் சற்றே திருப்பி வட்டமாக இறங்கு என்று சொல்லிவைக்கலாம். சொல்லிவைப்பது ஐந்து நிமிட வேலை. நாம் சொல்லிவைக்கவில்லை. நம் கருவியோ, ஒன்றும் சொல்லாவிட்டால் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பற்றிக்கொண்டிருக்கும் வகையைச் சேர்ந்தது. கடைசிக் கட்டளை முழு வேகம். அது கீழ்ப்படிந்தது.

அலையின் எல்லைக்கு அப்பால் என்ன நடக்கவேண்டும் என்பதை முன்னமே எண்ணிவைத்த ஒரு மனிதரின் கதையை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த மேனாட் ஹில் என்பவருக்கு 77 வயது. கண்பார்வை பெரிதும் போய்விட்டது. காதும் சரியாய்க் கேளாது. அவர் தம் நண்பர்களோடு சேர்ந்து, ஏறக்குறைய ஆறடிச் சிறகும், எரிபொருளோடு ஐந்து கிலோவுக்கு மேற்படாத நிறையுமுள்ள மாதிரி விமானமொன்றைச் செய்து, அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டவைக்க முயன்றார். முன்னே அனுப்பியவை கடலோடு போயின. 2003 ஆகஸ்ட் 9ஆந் தேதி, கனடாவின் நியூபவுண்லாந்துத் தீவிலே சென்ற் ஜோன்ஸ் நகருக்கு அண்மையிலிருந்து, இன்னொன்றைக் கையாலே தூக்கி எறிந்து பறக்கவிட்டனர். கைப்பெட்டியின் அலை சிறிது தூரமே எட்டும். அதற்கப்பால் செயற்கைக் கோள்களின் உதவியாலே தன் வழியைத் தானே அறிந்து செல்லும் கருவியிடம் விமானம் ஒப்படைக்கப்பட்டது. நடுக்கடலிலே அதைப்பற்றிய செய்தியே சில மணி நேரம் வராதிருந்தது. போயிற்று என்றே எண்ணினர். போகவில்லை. 38 மணி 52 நிமிடம் பறந்து, 3,000 கிலோமீற்றருக்கு மேற் கடந்து, ஆகஸ்ட் 11ஆந் தேதி அயர்லாந்தின் கிளிஃப்டன் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள கடற்கரையை அடைந்தது. அங்கே காத்திருந்த டேவ் பிரவுண் என்பவர் தம் கைப்பெட்டியைத் திறந்து, அதைத் தம் வசமெடுத்துப் புல்லிலே இறக்கினார். லமாரின் காப்புரிமையும் ஓர் ஆகஸ்ட் 11இலேதான் கிடைத்தது என்பது தற்செயலே.

அந்த இரு கரைகளுக்கும் வேறு கதைகளும் உண்டு. 1901 டிசம்பர் 12ஆந் தேதி மார்க்கோனி, பட்டமொன்றிலே கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு, இங்கிலாந்திலிருந்து வந்த வானலையின் மூன்று புள்ளிகளைக் கேட்டதாகச் சொன்னது இதே சென்ற் ஜோன்ஸிலேதான். அவர் உண்மையிலே கேட்டாரா என்று இன்றும் ஐயுறுவோர் உளர். 1919இல் அல்கொக், பிரவுண் என்ற இருவர் முதன்முதலாக நில்லாமல் அத்திலாந்திக்கைப் பறந்து கடந்தபோது புறப்பட்டதும் அங்கிருந்தே. இறங்கியது கிளிஃப்டனிலே, மார்க்கோனியின் வானொலி நிலையத்துக்கு அருகான சேற்று நிலத்திலே. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே அவர்களுடைய மின்னாக்கி கெட்டு, வானொலி ஊமையாகிவிட்டது. நட்சத்திரத்தைப் பார்த்தும் கணக்குப் போட்டும் மிகுதி வழியைக் கடந்தார்கள்.

நமக்குச் சமுத்திரம் வேண்டாம். ஒரு வயல் போதும். ஆனால் வயலாயினும் வானம் நமக்கு மாத்திரம் சொந்தமன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே அரச விமானப்படையினர் பயன்படுத்திய சீகிரியா விமானத்தளம் நம்மிடமிருந்து அதிக தூரத்திலில்லை. 2019 ஏப்ரல் மாதத்துக் குண்டுவெடிப்புக்களின் பின் நாட்டிலே ஆளில்லா விமானங்களுக்குத் தடை வந்தபோது, சின்ன விளையாட்டுக்காரனும் பெட்டியைப் பூட்டிவைத்தான். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளை அறியாமல் எவரும் இதிலே இறங்கலாகாது என்பதை நம் தம்பிமார்க்கு அழுத்திச் சொல்கின்றோம்.

உடைந்த மூக்கை ஒட்டி, ஏற்கும் கம்பியைப் பற்றரியிலிருந்து விலக்கி வாலை நோக்கி நீட்டிக் கட்டி, பங்குனியிலே மீண்டும் வயலுக்குப் போனோம். இம்முறை பெருந்தெருவுக்கும் தென்னைகளுக்கும் முதுகு காட்டி, வெறும் வயல் விரிந்த பக்கத்தை நோக்கி நின்றோம். அந்தத் தாயிடம் முதலிலே சென்று, இன்று பறக்கவிடப் போகிறோம் அம்மா என்று சொன்னோம். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் திண்ணைக்குப் போய் அங்கிருந்து பார்த்தார். பெட்டியின் சக்தியைக் குறைத்துவைத்து, ஒரு தம்பி அதைப் பிடித்துக்கொண்டு முப்பது அடி, நாற்பது அடி என்று எண்ணியபடி விலகி நடக்க, தரையிலிருந்த விமானத்தின் சுக்கான் அசைகிறதா என்று பார்த்தோம், அசைந்தது. பின்பு ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்துக்கொள்ள, மோட்டரை முழு வேகத்திலே ஓடவிட்டு, வேண்டுமென்றே பெட்டியை அணைத்தோம். ஒரு மூச்சு விடும் நேரத்திலே விசிறி ஓய்ந்து நின்றது.

கைத்தடியை ஊன்றி நின்ற பெரியவர், இன்னொரு தரம் அணைத்துக் காட்டு தம்பி என்றார். காட்டினோம்.